கார்டு போனதா, கரண்ட் போனதா?

தம்பி கேட்டிருப்பது இது. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கும் வீடு. அங்கே ராஸ்பெரி பை 4 என்ற கையகலக் கம்ப்யூட்டர் ஒன்றில் (இனி சுருக்கமாகப் பை) வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் ஓடுகிறது. மேல்தொட்டி மோட்டார், வாசல் விளக்கு, கொல்லைப்புற விளக்கு, கரண்ட் மீட்டர் எல்லாம் அதன் கையில். ஒன்றே கால் வருஷத்தில் மூன்று மெமரி கார்டு போய்விட்டது. மூன்றாவது போன ராத்திரி மோட்டார் நிற்காமல் தொட்டி வழிந்து, அப்பா தூக்கக் கலக்கத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைத் தேடிப் போயிருக்கிறார். தம்பி இருப்பதோ சிங்கப்பூரில். "எஸ்எஸ்டி போட்டால் தீருமா அண்ணே? எந்த எஸ்எஸ்டி? இல்லை, பை 5-க்கே மாறிவிடலாமா?" என்பது கேள்வி.

கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி, அதாவது கம்ப்யூட்டருக்கென்றே செய்த ஃப்ளாஷ் டிஸ்க், போடுங்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கரண்ட் விஷயத்தைச் சரிசெய்யாமல் எஸ்எஸ்டியை மட்டும் மாற்றினால், நாலாவது கார்டுக்குப் பதிலாக முதல் எஸ்எஸ்டி போகும். கொஞ்சம் தாமதமாகப் போகும், செலவு அதிகமாகும், அவ்வளவுதான். மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் ஒன்றும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் ஏழெட்டு வீடுகளில் ஒவ்வொன்றுமாக இந்தப் பெட்டிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த ஊரில் சர்வரைக் கொல்வது எழுத்துத் தேய்மானம் மட்டும் இல்லை. கரண்ட் வருவதும் போவதும், வந்தாலும் அரைகுறையாக வருவதும்தான் பாதிக்கு மேல்.

கார்டு எப்படிச் சாகிறது என்று தெரிந்தால் மற்றது எல்லாம் தானாகப் புரியும். மெமரி கார்டுக்குள் இருப்பது ஃப்ளாஷ். அதில் பழைய எழுத்தின் மேல் புதிய எழுத்தை அப்படியே எழுத முடியாது. ஒரு பெரிய பிளாக்கை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் எழுத முடியும். ஹோம் அசிஸ்டன்ட் என்ன செய்கிறது? ஒவ்வொரு சென்சாரும் சொல்வதை எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் ஃபைலில் 5 வினாடிக்கு ஒரு முறை பதிகிறது. பதிவது என்னவோ சில கிலோபைட்தான். அதற்காகக் கார்டுக்குள் இருக்கும் சின்னக் கன்ட்ரோலர் மெகாபைட் கணக்கில் ஒரு பிளாக்கை இடம் மாற்றி எழுத வேண்டி வரலாம். கேமராவில் போட்டோ எடுக்கச் செய்த பொருளை நாம் கணக்குப்பிள்ளை வேலைக்கு வைத்திருக்கிறோம்.

அப்படி இடம் மாற்றிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் கரண்ட் போனால், அப்போது எழுதிய வரி மட்டும் போவதில்லை. அந்த பிளாக்கில் சும்மா கிடந்த வேறு ஃபைலும் சேர்ந்து போகும். எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்ற கார்டின் உள்கணக்கே குழம்பிவிட்டால் கார்டு மொத்தமாகப் படிக்காமல் போகும். "நேற்று வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு" என்று எல்லோரும் சொல்வதன் காரணம் இதுதான். தேய்ந்து தேய்ந்து போகிற கார்டு முன்னாலேயே கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கரண்டில் அடிபட்ட கார்டு ஒரே ராத்திரியில் போகும். உங்கள் மூன்று கார்டில் எத்தனை முதல் ரகம், எத்தனை இரண்டாம் ரகம் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் ஒன்றே கால் வருஷத்தில் மூன்று என்றால் என் கை இரண்டாவது பக்கம்தான் நீளும்.

சரி, கரண்டுக்கு வருவோம். நம் பக்கத்தில் மாதம் ஒரு முறை துணை மின்நிலையப் பராமரிப்பு என்று காலையில் போனால் மாலையில்தான் வரும். அது கூடப் பரவாயில்லை, பேப்பரில் முன்கூட்டியே போடுகிறார்கள். தொந்தரவு கொடுப்பது வேறு. வயல்வெளிக்கு மும்முனை கரண்ட் வந்ததும் சுற்றுவட்டாரத்துப் பம்புசெட்டுகள் ஒரே நேரத்தில் எடுக்கும்; வீட்டில் டியூப்லைட் ஒரு முறை கண் சிமிட்டும். குறுவை நடவுக் காலத்தில் இதை அம்மாவிடம் கேட்டாலே சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் காற்றும் சேர்ந்தால் அரை மணிக்குள் நாலு தடவை போய்ப் போய் வரும். அந்த நாலு தடவையும் பை எழுந்து, டேட்டாபேஸைத் திறந்து, பாதி எழுதும்போது மறுபடி விழும். ஒரே நீளமான கரண்ட் கட்டைவிட இந்த விட்டு விட்டு வருவதுதான் கார்டுக்கு எமன்.

இன்னொன்று, வெளியில் தெரியாதது. கரண்ட் இருக்கும்போதே பைக்குப் போதாமல் இருப்பது. பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். வோல்ட் 4.63-க்குக் கீழே இறங்கினால் அது குறைமின்னழுத்தம் என்று குறித்துக்கொள்ளும். இதில் அடாப்டரைவிடக் குற்றவாளி பெரும்பாலும் வயர். ஒரு மெல்லிய போன் சார்ஜர் வயரின் மின்தடை போகவர 0.2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 ஆம்பியர் போகும்போது வயரிலேயே 0.6 வோல்ட் காணாமல் போகும். 5.1 கிளம்பி 4.5 ஆகப் போய்ச் சேரும். சும்மா இருக்கும்போது பிரச்சினை தெரியாது. பேக்கப் எடுக்கும்போதும் அப்டேட் போடும்போதும்தான் இழுக்கும், அப்போதுதான் விழும்.

இதைக் கண்டுபிடிக்க நீங்கள் ஊருக்கு வர வேண்டாம். ஹோம் அசிஸ்டன்ட்டிலேயே ராஸ்பெரி பை பவர் சப்ளை செக்கர் என்று ஒன்று உண்டு, பெரும்பாலும் தானாகவே வந்திருக்கும். அதில் பிரச்சினை என்று காட்டியிருந்தால் இன்றைக்கே அப்பாவிடம் அந்த சார்ஜரைக் கழற்றச் சொல்லுங்கள். வயரும் அடாப்டரும் ஒன்றாகவே இருக்கும் ராஸ்பெரியின் சொந்த அடாப்டரைப் போடுவது நல்லது.

இனி யுபிஎஸ். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்குமே என்பீர்கள். இருக்கும். ஆனால் இன்வெர்ட்டர் கரண்டிலிருந்து பேட்டரிக்குத் தாவும்போது ஒரு சின்ன இடைவெளி உண்டு. மின்விசிறிக்கு அது தெரியாது, பைக்குத் தெரியும். பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் ஒரு சுவிட்ச் இருக்கும்: யுபிஎஸ் மோடு, சாதாரண மோடு என்று. யுபிஎஸ் மோடில் தாவல் வேகமாக நடக்கும், கம்ப்யூட்டர் அணையாது. ஆனால் அந்த மோடில் வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழே வந்தாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் போய்விடும். கிராமத்தில் சாயங்காலம் 170 ஓடுகிற லைனில் அந்த மோடை வைத்தால், கரண்ட் இருக்கும்போதே பேட்டரி காலியாகி, நிஜமாகக் கரண்ட் போகும்போது மின்விசிறி ஓடாது. அப்புறம் அம்மா உங்கள் சர்வரைத்தான் திட்டுவார்கள். அதனால் இன்வெர்ட்டரை அதன் சாதாரண மோடிலேயே விட்டுவிட்டு, அந்தத் தாவல் இடைவெளியை மட்டும் தாங்க ஒரு சின்ன டிசி யுபிஎஸ் வையுங்கள். ரூட்டருக்கு என்று விற்கிறார்களே, உள்ளே லித்தியம் செல் வைத்த 12 வோல்ட் பெட்டி, அதுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்தப் பெட்டிகளில் 5 வோல்ட் யுஎஸ்பி வாய் ஒன்றும் இருக்கும். பார்த்ததும் பையை அதில் செருகத் தோன்றும். பெரும்பாலும் அது 2 ஆம்பியர்தான் கொடுக்கும். எஸ்எஸ்டியோடு பை 4-க்கு அது போதாது. 12 வோல்ட் வாயிலிருந்து எடுத்து, 12-ஐ 5 ஆக்கும் 5 ஆம்பியர் பக் கன்வெர்ட்டர் ஒன்றை இடையில் வைத்து, 5.1-க்குத் திருகி, மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுச் செருக வேண்டும். மீட்டர் இல்லாமல் திருகி ஒரு பையை நான் புகையவிட்டிருக்கிறேன். திருகு எந்தப் பக்கம் திரும்பினால் ஏறும் என்று அதில் எழுதியிருக்காது.

சாப்பாட்டுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். பை 4-ம் எஸ்எஸ்டியும் சேர்ந்து சராசரியாக 5 வாட் என்று வையுங்கள். ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் சேர்ந்து ஒரு 10 வாட். மொத்தம் 15. கூடத்தில் ஓடுகிற ஒரு பழைய மின்விசிறியின் நாலில் ஒரு பங்குகூட இல்லை. 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இது கொசுக்கடி. பை மட்டும் இரண்டு மாதத்துக்கு 7 யூனிட் சொச்சம் சாப்பிடும், அரசு தரும் இலவச யூனிட்டிலேயே அடங்கிவிடும்.

இப்போதுதான் எஸ்எஸ்டி. எது வாங்குவது என்று கேட்டீர்கள். பை 4-க்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 120 அல்லது 240 ஜிபி, தெரிந்த கம்பெனியுடையதாக, பில்லோடு. வேகத்தைப் பார்க்கவே வேண்டாம். ஹோம் அசிஸ்டன்ட்டுக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு 80 டெராபைட் எழுதலாம் என்று உத்தரவாதம் போட்டு விற்கிறார்கள். உங்கள் வீடு ஒரு நாளைக்கு 5 ஜிபி எழுதுகிறது என்று தாராளமாகவே வைத்தாலும் வருஷத்துக்கு 1.8 டெராபைட்தான். 40 வருஷக் கணக்கு. அதற்குள் பை, வீட்டு வயரிங், நான் எல்லாமே மாறியிருப்போம். அதனால் தேய்மானத்தை மறந்துவிடுங்கள். 2 டிபி என்று எழுதி அடிமாட்டு விலைக்கு விற்கும் பெயர் தெரியாத சாமானை மட்டும் தொடாதீர்கள். அப்படி ஒன்றைத் திறந்து பார்த்தேன், உள்ளே மெமரி கார்டுதான் இருந்தது.

என்விஎம்இ என்ற வேகமான, குச்சி வடிவ எஸ்எஸ்டியை வாங்கி யுஎஸ்பி டப்பாவில் போட்டுப் பை 4-ல் மாட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அது அதிகம் இழுக்கும், அதிகம் சுடும். பை 4-ன் நாலு யுஎஸ்பி வாய்க்கும் சேர்த்து மொத்தமே 1.2 ஆம்பியர்தான் வரும். வாங்கப் போகும் எஸ்எஸ்டியின் முதுகில் 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பார்கள், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 1 ஆம்பியருக்கு மேல் போட்டிருந்தால் தனிக் கரண்ட் உள்ள யுஎஸ்பி ஹப் வழியாக மாட்டுவது நிம்மதி. அந்த ஹப்பும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். எஸ்எஸ்டி அணைந்து பை மட்டும் விழித்திருப்பதைப் போல அசிங்கமான நிலை வேறில்லை.

எஸ்எஸ்டியைவிட அதை யுஎஸ்பியாக மாற்றும் அந்தச் சின்ன கேபிள்தான் அதிகம் படுத்தும். அதற்குள் ஒரு சிப் இருக்கிறது. யூஏஎஸ் என்று ஒரு வேகமான பேச்சுமுறை உண்டு. சில சிப்கள் அதில் பேசுவதாகச் சொல்லிவிட்டு நடுவில் ஊமையாகிவிடும். அறிகுறி இப்படி இருக்கும்: பூட் ஆக ஐந்து நிமிடம், அல்லது இரண்டு நாள் நன்றாக ஓடி, பேக்கப் நேரத்தில் எஸ்எஸ்டி காணாமல் போகும், செருகி எடுத்தால் மறுபடி வரும். இதைப் பார்த்து எஸ்எஸ்டி போச்சு என்று மாற்றியவர்கள் நிறைய. மருந்து எளிது. பூட் பகுதியில் கமாண்ட்லைன் ஃபைலில் அந்த சிப்பின் அடையாள எண்ணை எழுதி, இதோடு யூஏஎஸ் பேசாதே என்று பைக்குச் சொல்லிவிடலாம். வேகம் கொஞ்சம் குறையும், நமக்கு அது தெரியாது. அதைவிட எளிது, பையோடு ஒத்துப்போகும் என்று நாலு பேர் சொன்ன கேபிளையே முதலில் வாங்குவது.

எஸ்எஸ்டியை நீல நிற யுஎஸ்பி 3 வாயில் செருகுங்கள். சென்சார்களோடு வயரில்லாமல் பேசும் ஜிக்பீ குச்சி இருந்தால் அதைக் கருப்பு யுஎஸ்பி 2 வாயில், அதுவும் ஒரு மீட்டர் நீட்டிப்பு வயர் போட்டு, தள்ளி வையுங்கள். யுஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும். இன்டெல் கம்பெனியே 2012-ல் இதை அளந்து எழுதியிருக்கிறது. ஜிக்பீயும் அதே 2.4-ல்தான் பேசுகிறது. எஸ்எஸ்டி போட்ட மறுநாள் வாசல் கதவு சென்சார் செத்துவிட்டது என்று போன் வந்தால் எழுபது சதவீதம் இந்த ஒரு மீட்டர் வயரில் தீரும். இந்த எழுபது என் கைக்கணக்கு, யாரும் அளந்ததில்லை.

மாற்றும் முறை. முதலில் இப்போது ஓடுகிற கார்டிலிருந்து முழு பேக்கப் எடுத்து உங்கள் லேப்டாப்பில் இறக்கிக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியில் ராஸ்பெரி பை இமேஜர் கொண்டு ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ் எழுதுங்கள். கார்டை வெளியே எடுத்துவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் செருகி பூட் செய்யுங்கள். கார்டு உள்ளே இருந்தால் பை முதலில் அதைத்தான் பார்க்கும், இதை மறந்து ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். 2020-க்கு முன் வாங்கிய பலகை என்றால் யுஎஸ்பி பூட் அதற்குத் தெரியாமல் இருக்கலாம். இமேஜரிலேயே பூட்லோடர் என்ற பிரிவில் யுஎஸ்பி பூட்டுக்கான சின்ன இமேஜ் இருக்கிறது, ஒரு காலிக் கார்டில் எழுதி ஒரு முறை பூட் செய்தால் போதும். அப்புறம் முதல் திரையிலேயே பேக்கப்பிலிருந்து மீட்கவா என்று கேட்கும்.

இன்னொரு வழியும் உண்டு, ஊரில் ஆள் இல்லாதவர்களுக்கு அதுவே நல்லது என்பேன். சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் டேட்டா டிஸ்கை மாற்று என்று ஒன்று இருக்கும். அப்பா எஸ்எஸ்டியைச் செருகினால் போதும், மற்றதை நீங்கள் சிங்கப்பூரிலிருந்தே செய்யலாம். எஸ்எஸ்டியில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், டேட்டாபேஸும் அமைப்புகளும் அங்கே போய்விடும். கார்டு பூட் செய்ய மட்டும் மிஞ்சும், அதில் எழுத்து வேலை மிகவும் குறைந்துவிடும். கார்டு போனாலும் வேறு கார்டில் ஓஎஸ்ஸை எழுதிப் போட்டால் வீடு திரும்பி வரும். சிசிடிவிக்கு என்று விற்கும் நீடித்து உழைக்கும் ரகக் கார்டு இதற்குப் பொருத்தம்.

எழுத்தைக் குறைப்பதும் வேண்டும். உங்கள் கரண்ட் மீட்டர் பிஜெம் (PZEM) என்ற சின்ன அளவிப் பலகை என்றால் எத்தனை வினாடிக்கு ஒரு முறை சொல்கிறது என்று பாருங்கள். ஆர்வக்கோளாறில் எல்லோரும் 1 வினாடி வைப்பார்கள், நானும் வைத்தேன். வோல்ட், ஆம்பியர், வாட், யூனிட் என நாலு எண், வினாடிக்கு ஒரு முறை: ஒரு நாளைக்கு 3,45,600 வரி. யார் படிக்கப் போகிறார்கள்? வோல்டேஜ் 3 மாறினால் மட்டும் சொல் என்று ஈஎஸ்பிஹோமில் (மீட்டரையும் மோட்டாரையும் பார்க்கும் ஈஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை பலகைக்குள் ஓடும் மென்பொருள்) ஒரு ஃபில்டர் போட்டால் அது சில ஆயிரமாகச் சுருங்கும். இந்த வரிகளைப் பதியும் ரெக்கார்டர் என்ற பகுதி அவற்றை 10 நாள் வைத்திருக்கும், அது போதும். மணிக்கணக்குச் சுருக்கம் தனியாக அழியாமல் இருக்கும், போன வருஷ சித்திரையில் எத்தனை யூனிட் என்று பிறகும் பார்க்கலாம். முன்னே சொன்ன 5 வினாடிப் பதிவை ரெக்கார்டர் அமைப்பில் 30 ஆக்குங்கள். கரண்ட் போனால் கடைசி அரை நிமிடக் கணக்கு போகும், போகட்டும்.

எஸ்எஸ்டி போட்டாலும் டேட்டாபேஸ் கெடாது என்று இல்லை. வீட்டு ரக எஸ்எஸ்டிகளில் கரண்ட் போனால் தாங்கிப் பிடிக்கும் கெபாசிட்டர் வைப்பதில்லை. கெட்டால் ஹோம் அசிஸ்டன்ட் அந்த ஃபைலின் பெயரை மாற்றி ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கிக்கொள்ளும். பழைய வரைபடம் போகும், வீடு ஓடும். அதனால்தான் பேக்கப் அதே எஸ்எஸ்டியில் இருக்கக் கூடாது என்கிறேன். 2025-லிருந்து கூகுள் டிரைவுக்குத் தானாகவே அனுப்பும் வசதி உள்ளேயே வந்துவிட்டது. அந்த பேக்கப் பூட்டியிருக்கும். திறக்கிற சாவியை ஒரு சின்ன ஃபைலாகக் கொடுக்கும். அதை அச்செடுத்து, வீட்டில் ரேஷன் கார்டும் பட்டாவும் வைத்திருக்கும் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். சாவி பைக்குள்ளேயே இருந்தால் என்ன பிரயோசனம்?

மோட்டார் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தொட்டி வழிந்ததற்குக் கார்டு காரணம் இல்லை. மோட்டாரை நிறுத்தும் முடிவைப் பையிடம் கொடுத்ததுதான் காரணம். பை செத்தால் விளக்கு எரியவில்லை என்பதோடு போக வேண்டும், மோட்டார் நிற்கவில்லை என்று ஆகக் கூடாது. மேல்தொட்டியில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் போட்டு அதன் வயரை, மோட்டாருக்குக் கரண்ட் விடும் பெரிய சுவிட்சான கான்டாக்டரின் காயிலோடு தொடராகக் கட்டச் சொல்லுங்கள். தொட்டி நிறைந்தால் மிதவை எழும், காயில் விடும், மோட்டார் நிற்கும். இதற்கு இன்டர்நெட்டும் வேண்டாம், எஸ்எஸ்டியும் வேண்டாம். சின்ன ரிலே பலகையில் மோட்டாரை நேராகக் கட்டியிருந்தால் அதையும் மாற்றுங்கள். ஒரு எச்பி மோட்டார் கிளம்பும்போது ஓடும் ஆம்பியரைப் போல ஐந்து மடங்கு இழுக்கும், ரிலேயின் முனை ஒட்டிக்கொண்டால் எந்த ஆப்பும் அதைப் பிரிக்காது. ரிலே கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும்.

அடுத்து மோட்டாரை இயக்கும் அந்த ஈஎஸ்பி32 பலகை. ஈஎஸ்பிஹோமின் அழகே பை இல்லாமலும் அது தன் புத்தியில் ஓடும் என்பதுதான். 40 நிமிடத்துக்கு மேல் மோட்டார் ஓடக் கூடாது, ஆம்பியர் திடீரென்று குறைந்தால் போரில் தண்ணீர் இல்லை என்று நிறுத்து, இந்த இரண்டையும் அங்கேயே எழுதுங்கள். கோடையில் மேட்டூர் திறப்பதற்கு முந்தைய மாதங்களில் போரில் தண்ணீர் கீழே போய் மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் கருகுவது நம் பக்கம் புதிதா என்ன. இதில் ஒரு ரகசியம்: ஹோம் அசிஸ்டன்ட் 15 நிமிடம் தொடர்பில் இல்லை என்றால் ஈஎஸ்பிஹோம் பலகை தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். அது அதன் இயல்பு அமைப்பு. பை செத்துக் கிடக்கும் நாளில் மோட்டார் பலகை கால் மணிக்கு ஒரு முறை விழுந்து எழும். ஹோம் அசிஸ்டன்ட்டோடு பேசும் பகுதியான ஏபிஐ, வைஃபை இரண்டிலும் அந்த ரீபூட் நேரத்தைப் பூஜ்யம் ஆக்குங்கள். எழும்போது ரிலே எப்போதும் அணைந்தே எழ வேண்டும் என்றும் எழுதிவிடுங்கள்.

வைக்கும் இடம். பரணில் வைக்காதீர்கள். மொட்டைமாடித் தளத்துக்கு அடியில் சித்திரை, வைகாசியில் அடுப்புதான். பை 80 டிகிரி தொட்டால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரேழியில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒரு தட்டு போதும். மின்விசிறி வைத்த கேஸ் வேண்டாம், அது தூசியையும் ஈரத்தையும் உள்ளே இழுக்கும். மொத்தமும் அலுமினியமாக இருக்கும் கேஸ் வாங்குங்கள், வைஃபை கொஞ்சம் மங்கும், அதனால் லேன் வயர் போட்டுவிடுங்கள். துளை உள்ள பெட்டியில் எறும்பு குடியேறும், பல்லி முட்டையிடும். ஒரு முறை பல்லி ஒன்று அடாப்டருக்குள் புகுந்து தானும் போய் அடாப்டரையும் கொண்டுபோயிற்று. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்றுக்கு யுஎஸ்பி முனைகள் பச்சை பூக்கும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழற்றித் துடைக்க வேண்டும். கும்பகோணத்தில் அந்தக் கவலை இல்லை.

பை 5 வேண்டுமா? இப்போது இருக்கும் பை 4 நன்றாக இருந்தால் வேண்டாம். அதில் நல்லது இருக்கிறது: ஒரு சின்னத் துணைப் பலகை வாங்கி என்விஎம்இ மாட்டலாம், யுஎஸ்பி கேபிள் தொல்லை இல்லை, அணைக்கப் பொத்தான் உண்டு, உள்ளேயே கடிகாரம் உண்டு. கடிகாரத்துக்குப் பேட்டரி தனியாக வாங்க வேண்டும். பை 4-க்குக் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்து இன்டர்நெட் இன்னும் வராத நேரத்தில் அது பழைய மணியிலேயே நிற்கும், வாசல் விளக்கு விடிந்த பிறகும் எரிவது அதனால்தான். ஆனால் பை 5 கேட்பது 5 வோல்ட்டுக்கு 5 ஆம்பியர். 3 ஆம்பியர்தான் இருக்கிறது என்று தெரிந்தால் யுஎஸ்பி வாய்களுக்கு மொத்தமாக 600 மில்லிஆம்பியருக்கு மேல் விடாது. அதாவது கரண்ட் பிரச்சினை உள்ள வீட்டுக்கு இன்னும் அதிகம் கேட்கும் விருந்தாளி. புதிதாகத் தொடங்குபவராக இருந்தால் பழைய லேப்டாப் ஒன்றைத்தான் முதலில் பரணில் தேடச் சொல்வேன். எஸ்எஸ்டி உள்ளேயே, யுபிஎஸ் உள்ளேயே. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் பக்கம் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன, கரண்ட் வரப் பல நாள் ஆயிற்று. அப்படிப்பட்ட நாளுக்கு எந்த யுபிஎஸ்ஸும் ஆகாது. அதற்கு வேண்டியது பேட்டரி 20 சதவீதத்துக்கு வந்ததும் பையை முறையாக அணைக்கும் ஓர் ஆட்டோமேஷன். இன்வெர்ட்டர் பேட்டரியின் வோல்டேஜை அந்த ஈஎஸ்பி32-ஐ வைத்தே அளக்கலாம், இரண்டு ரெசிஸ்டர் போதும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு, அடுத்த முறை நீங்கள் ஊருக்கு வரும்போது மெயின் சுவிட்சை நீங்களே பத்துத் தடவை இறக்கி ஏற்றிப் பாருங்கள். இரண்டு நிமிட இடைவெளியில் ஒன்று, ஐந்து வினாடி இடைவெளியில் ஒன்று, மோட்டார் ஓடும்போது ஒன்று. பை ஒரு தடவைகூட ரீபூட் ஆகியிருக்கக் கூடாது, அது ஓடிய நேரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பிறகு பையை வேண்டுமென்றே பிடுங்கி வைத்துவிட்டு, அப்பாவை மோட்டார் போடச் சொல்லுங்கள், தொட்டி நிறைந்து தானாக நிற்கிறதா என்று மேலே போய் நில்லுங்கள். அம்மா சீரியல் பார்க்கும் நேரத்தில் மட்டும் மெயினைத் தொடாதீர்கள்.